மறு: மறு: ரோல்பிளேயில் பாத்திரம் காட்டும் வெறுப்பு – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'பாத்திரப் பாரபட்சம்' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான் அக்கா. ஆனால் பாரபட்சம் என்பது பந்தியில் பரிமாறுகிறவரும் விடைத்தாள் திருத்துகிறவரும் காட்டுவது. ரோல்பிளேயில், அதாவது ஆளுக்கொரு வேடம் ஏற்றுச் சேர்ந்து கதை எழுதும் விளையாட்டில், எல்ஃப் என்ற கற்பனை இனத்தவர் வேடத்தில் இருப்பவர் குள்ளர் என்ற இன்னொரு கற்பனை இனத்தவரைக் 'கல்தின்னிகள்' என்று ஏசுவது அதைவிடக் கசப்பான சங்கதி. (பாத்திரம் என்றதும் பந்திதான் நினைவுக்கு வருகிறது, அது வேறு தொல்லை.)

என் முன்மொழிவு: வேடக்காழ்ப்பு.

வேடம் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. கோயில் திருவிழாவில் விடிய விடிய அரிச்சந்திரா நாடகம் பார்த்தவர்களுக்கு, அரசனாக இருந்தவன் சுடலைக் காவலுக்கு அடிமைப்படும் மயான காண்டத்தில் சாதியைச் சொல்லி வரும் வசனம் யாருடையது என்று தெரியும். மேடையும் திரையும் எல்லையைக் காட்டிவிடும். நாம் எழுதி விளையாடும் டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் வசனமும் சொந்தப் பேச்சும் ஒரே பெட்டியில், ஒரே எழுத்தில் வந்து விழுகின்றன. வேடத்துக்கு வெளியே பேசுவதை இரட்டை அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கம் அதனால்தான்.

சொல்லைவிட வரையறையில்தான் எனக்குக் கவலை. கற்பனைக் கடல் நாட்டில் பிரபு வேடக்காரர் ஒருவர் கடல்மக்களைப் பார்த்து, 'மீன் நாத்தம் அடிக்குது, தள்ளி நில்லு' என்று எழுதுகிறார் என்று வையுங்கள். உள்ளூர்க்காரர் அல்லாதவருக்கு அது வசனம். மண்டபம், மோர்ப்பண்ணை போன்ற கடலோர ஊரிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போகிற மீனவப் பிள்ளைக்கு அது வசனமா? ஆகவே:

வேடக்காழ்ப்பு – கதைக்குள் மட்டுமே உள்ள கூட்டத்தின் மேல், கதைக்குள் உள்ள காரணத்துக்காக, ஒரு வேடம் காட்டும் வெறுப்பு.

வசை நிஜ ஊரிலிருந்து வந்திருந்தால் அது வெறும் காழ்ப்பு. 'என் கேரக்டர் அப்படித்தான்' என்ற சாக்கு அங்கே செல்லாது.

கூடவே, எல்ஃப், குள்ளர் போன்ற கூட்டங்களைக் குறிக்கும் 'ரேஸ்' என்பதைக் குலம் என்றோ சாதி என்றோ பெயர்க்க வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டை வெளியிடுகிறவர்களே 2024 விதிநூலில் அதை விட்டுவிட்டு 'ஸ்பீசிஸ்' என்று மாற்றிவிட்டார்கள். நமக்கு 'உயிர்வகை' போதும். விளையாட்டில் சங்கடம் தருவதை நீக்கச் சொல்லி யாரும் தொட்டுக் காட்ட ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் கொண்டுவந்த எக்ஸ் அட்டைக்கு 'வேடம் கலை' எனலாமா?

---

> என் முன்மொழிவு: வேடக்காழ்ப்பு.

தம்பி, 'வேடம் போடுகிறான்' என்றால் ஏமாற்றுகிறான் என்றுதானே பொருள்? போலி வெறுப்புதானே, கண்டுகொள்ளாதே என்று யாராவது படித்துவிடுவார்கள். ஆனாலும் நாடகக்காரர்கள் வேடம் கட்டுவது என்றும் சொல்வார்கள், அதில் ஏமாற்று இல்லை. வரையறையும் கூடவே போகும் என்றால் எனக்குச் சம்மதம், பாரபட்சம் போகட்டும். மீன் நாத்த உதாரணத்தையும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடாது.

'வேடம் கலை' மட்டும் வேண்டாம். வேடக் கலை என்று படித்துவிட்டுப் பாராட்டப் போகிறார்கள். ((திரை)) என்று தட்டினால் போதும். காட்சி அங்கேயே நிற்க வேண்டும், தட்டியவரிடம் காரணம் கேட்கக் கூடாது. எக்ஸ் அட்டையைத் தொட்டவரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உயிர்வகைக்கு உயிரியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பாடநூலில் அது 'சிற்றினம்'. அதைத் தனி இழையில் பார்த்துக்கொள்வோம்.