சர்க்கஸ் கூடாரத்துக்குள் ஓர் உளவாளி: படித்ததும் பார்த்ததும்

அலிஸ்டர் மெக்லீன் எழுதி 1975-இல் வந்த 'சர்க்கஸ்' நாவல் எனக்குக் கிடைத்தது மாமாவின் அலமாரியில். அட்டை போயிருந்தது. பனிப்போர்க் கால உளவுக் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் திரும்பத் திரும்ப எடுப்பது இதைத்தான்.

கதை தெரியாதவர்களுக்கு: புரூனோ வில்டர்மன் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவன். அமெரிக்க சர்க்கஸ் ஒன்றின் நட்சத்திரம். கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் பறப்பான், கம்பி மேல் நடப்பான். ஒரு தடவை பார்த்ததை அப்படியே மனதில் பதித்துக்கொள்ளும் நினைவாற்றலும் உண்டு. அவனுடைய சொந்த நாட்டில், உயர்ந்த மதிலுக்குள் இருக்கும் சிறையும் ஆய்வுக்கூடமுமான லூபிலானுக்குள் நுழைந்து ஒரு சூத்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறது சி.ஐ.ஏ. மொத்த சர்க்கஸும் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து, அப்புறம் ரயிலேறி அந்த ஊருக்குப் போகிறது.

உளவாளி ஒளிந்துகொள்ளப் போர்வை என்றால் இதுதான் போர்வை! எல்லையில் ஒரு பயணியின் பையில் கத்தி இருந்தால் விசாரணை நடக்கும். கத்தி எறிபவரின் பெட்டியில் இருந்தால் அது தொழில் சாமான். கயிறு, சுருக்கு, இரும்பை வளைக்கும் பலசாலி எல்லாமே போஸ்டரில் அச்சடித்த சமாச்சாரம். புரூனோவுக்கு உதவப் போகிறவர்களும் பலசாலி கான் டான், சுருக்குக் கயிறு வீசும் ரோபக், கத்தி எறியும் மனுவேலோ என்று கூடாரத்து ஆட்கள்தான்.

பல உளவுக் கதைகளில் நாயகன் மாட்டிக்கொண்டதும் சட்டைப்பையிலிருந்து ஏதாவது கருவி வெளியே வரும். அதில் எனக்குப் பரபரப்பே வராது. இங்கே அவனுக்கு என்ன தெரியும் என்பதை ஊரே கைதட்டப் பார்த்தாகிவிட்டது. பிறகு அதே கம்பி நடை சிறைக்குப் போகும் மின்கம்பி மேல், ராத்திரியில். கூடாரத்தில் எல்லாக் கண்ணும் அவன் மேல் இருக்க வேண்டும், இங்கே ஒரு கண்கூடப் படக்கூடாது. அந்தப் பக்கங்களில் என் உள்ளங்கை வியர்க்கும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அந்தரத்தில் பறப்பவன் பிடியை விடும்போது எதிரே வருபவனின் கை இன்னும் அவனைத் தொட்டிருக்காது. வந்து பிடிப்பான் என்று நம்பித்தான் விடுகிறான். உளவாளியோ யாரையும் நம்பாமல் இருந்தால்தான் உயிரோடு இருப்பான். இந்த இரண்டு தொழிலையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டு, குழுவுக்கு நெருக்கமானவர்களைச் சாகடிக்கத் தொடங்குகிறார் மெக்லீன். துரோகி யார் என்று சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் படியுங்கள். குறையும் உண்டு. அவன் எடுத்து வரப் போகும் எதிர்ப்பொருள் (ஆன்டிமேட்டர்) சூத்திரம் வெறும் சாக்கு. மரியா என்ற பெண் உளவாளியை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் நாவல் படித்ததில்லை. 1983-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'ஆக்டோபஸி' வழியாகத்தான் இந்த சர்க்கஸ் உளவுக் கதைகளுக்குள் வந்தேன். கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கு ஜெர்மனியிலுள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்துக்கு சர்க்கஸ் ரயில் போகும். மனிதனையே குண்டுபோல வீசும் சர்க்கஸ் பீரங்கியின் அடிப்பகுதியில் அணுகுண்டு. பாண்டாக நடித்த ரோஜர் மூர் கோமாளி வேஷத்தில் அரங்குக்குள் ஓடி வந்து குண்டு இருக்கிறது என்று கத்துவார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மூஞ்சியில் அந்தச் சாயத்தோடு உண்மை சொன்னால் யார் கேட்பார்கள்? சின்ன வயதில் அந்தக் காட்சியில் எனக்கு அழுகை முட்டியது, இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை. நீங்கள் சொன்ன போர்வைக்கு இது மறுபக்கம். ஒளிந்துகொள்ள உதவிய வேஷம், வெளியே வர வேண்டிய நேரத்தில் விடமாட்டேன் என்கிறது.

* * *

அண்ணா, நான் நாவலைப் படித்த இன்னொரு வாசகி. ஸ்லாக்லைன் பயிற்சி செய்கிறவள், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய பட்டையில் நடப்பது. அந்த மின்கம்பி அத்தியாயத்தை மற்றவர்களைவிட நான் கொஞ்சம் அதிகம் பயந்து படித்தேன் என்று நினைக்கிறேன். சர்க்கஸில் கட்டும் கம்பி விறைப்பாக இழுத்து, பக்கவாட்டிலும் கயிறு போட்டு நிறுத்தியது. அதில் உடம்பைக் கம்பிக்கு நேர் மேலே கொண்டுவர வேண்டும். தொய்ந்த கம்பியில் விஷயமே வேறு. கம்பி காலுக்கடியில் இடமும் வலமும் ஓடும், அதைத்தான் உடம்புக்கு அடியில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தூண்களுக்கு இடையே போகும் மின்கம்பி தொய்ந்துதான் இருக்கும். கூடாரத்தில் பழகிய கால் அங்கே புதிதாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கார்ல் வாலெண்டா போன்ற கம்பி நடை மேதையே 1978-இல் போர்ட்டோ ரிக்கோவில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடக்கும்போது காற்றில் விழுந்து இறந்தார், அப்போது அவருக்கு 73 வயது. இதெல்லாம் தெரிந்து படித்தால் புரூனோவின் துணிச்சல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அண்ணா, எலியா கசான் 1953-இல் எடுத்த 'மேன் ஆன் எ டைட்ரோப்' பார்த்தீர்களா? செக் சர்க்கஸ் ஒன்று மேற்கே தப்பிக்கிற கதை. குழுவுக்குள்ளேயே உளவு சொல்கிறவன் இருப்பான். ராத்திரியில் பதுங்கிப் போகாமல், பட்டப்பகலில் வாத்தியம் முழங்க எல்லையை நோக்கி ஊர்வலமாகப் போவார்கள். நீங்கள் சொன்ன அந்த நம்பிக்கை விஷயம் அதில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.