எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு நோடு படுத்துவிட்டால்: பார்த்ததும் செய்ததும்

ஷார்டுமேய்ப்பன்:
எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் டேட்டாவை ஷார்டு என்ற துண்டுகளாக்கி, நோடு எனப்படும் பல சர்வர்களில் வைக்கும்; அந்த நோடுகளின் கூட்டமே கிளஸ்டர். அதன் நிலை காட்டும் நிறம் மஞ்சளானதும் கை தானாக ரீஸ்டார்ட் பக்கம் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் பிரைமரி (மூல) ஷார்டுகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, சில ரெப்ளிகாக்களுக்குத்தான் (அவற்றின் நகல்களுக்குத்தான்) இடம் கிடைக்கவில்லை என்று பொருள். செத்த நோடில் பிரைமரி இருந்திருந்தால், அதன் ரெப்ளிகாவை, கிளஸ்டரை நடத்தும் மாஸ்டர் நோடு அப்போதே பிரைமரியாக்கிவிடும். காணாமல் போன நகலை வேறிடத்தில் புதிதாகக் கட்டுவதற்கு மட்டும் 1 நிமிடம் பொறுக்கும். திட்டமிட்டு ரீபூட் செய்யும்போது சர்வர் எழுந்துவர 4 நிமிடம் ஆகுமென்றால் இந்த 1 நிமிடம் போதாது. இன்டெக்ஸ் (ஆவணங்களின் தொகுப்பு) செட்டிங்கில் டிலேயிட் டைம்அவுட் என்ற இந்தப் பொறுக்கும் நேரத்தை முன்கூட்டியே 10 நிமிடமாக்கிவிட்டு இறங்குங்கள். மறந்தால் நூற்றுக்கணக்கான ஜிபி நகல் வேலை கிளம்பிவிடும். நோடு திரும்பியதும் அதில் பெரும்பகுதி வீண்.

ரெப்ளிகா2:
கூடவே இதையும் சொல்லணும். ப்ராசஸ் செத்தால் டிசிபி இணைப்பு உடனே அறும், மாஸ்டருக்கும் உடனே தெரிந்துவிடும். மெஷின் உறைந்துபோனால்தான் தொல்லை. மாஸ்டர் 1 விநாடி இடைவெளியில் விசாரிக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் 10 விநாடி காத்திருக்கும். 3 முறை தொடர்ந்து பதில் வராவிட்டால்தான் வெளியேற்றும். அந்த அரை நிமிடம் தேடல்கள் தொங்கும். நீளமான கார்பேஜ் கலெக்‌ஷனில் (ஜிசி, பயன்படாத நினைவகத்தைக் காலி செய்யும் வேலை) மாட்டிய நோடும் வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும். மின்சாரத்தைச் சந்தேகிக்கும் முன் ஜிசி லாகைப் பாருங்கள்.

டிஸ்க்கணக்கு:
ரெப்ளிகா வைத்திருக்கிறோம், ஆகவே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் டிஸ்கைக் கணக்குப் போடுவதில்லை. ஒரே அளவு டிஸ்க் உள்ள 3 நோடு, ஒவ்வொன்றும் 72% நிறைந்தது என்று வையுங்கள். ஒன்று போனால் மீதி இரண்டும் சேர்ந்து மூன்றின் மொத்தமான 216%-ஐச் சுமக்க வேண்டும், அதாவது தலைக்கு 108%. நடக்காத காரியம். 85% தாண்டிய நோடில் புதிய நகல் வைக்க எலாஸ்டிக்சர்ச் மறுக்கும். 90%-இல் இருக்கிற ஷார்டையே வேறிடம் தள்ளப் பார்க்கும். 95% தொட்டால் அந்த நோடில் ஷார்டு வைத்திருக்கும் இன்டெக்ஸ்களில் எழுதுவதே பூட்டப்படும். எனவே 3 நோடு என்றால் 85-இல் மூன்றில் இரண்டு, அதாவது சுமார் 56% தான் உண்மையான உச்சவரம்பு. பூட்டு விழுந்துவிட்டால், 7.4 பதிப்பிலிருந்து இடம் கிடைத்ததும் தானே திறந்துகொள்ளும். பழைய பதிப்புகளில் நீங்கள்தான் கையால் எடுக்க வேண்டும்.

நேரக்கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். ரெக்கவரி வேகத்தின் இயல்பு வரம்பு நோடுக்கு விநாடிக்கு 40 எம்பி. போன நோடில் 400 ஜிபி இருந்து, மீதி இரண்டும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டால், தலைக்கு 200 ஜிபி, ஏறக்குறைய 85 நிமிடம். அதுவரை இன்னொரு டிஸ்கும் தாங்க வேண்டும்.

ஷார்டுமேய்ப்பன்:
மேலே சொன்ன 56% நல்ல கணக்கு. ஷார்டு ஏன் இடம் பிடிக்கவில்லை என்று ஊகிக்காமல் அலொகேஷன் எக்ஸ்பிளெய்ன் என்ற கட்டளையைக் கேளுங்கள், டிஸ்க்கா, நகல்களை வெவ்வேறு ஜோன்களில் பிரித்து வைக்கும் விதியா என்று நோடு வாரியாகக் காரணம் சொல்லும். 5 முறை முயன்று தோற்றுக் கைவிட்டிருந்தால், காரணத்தைச் சரிசெய்த பின் ஷார்டுகளை இடமொதுக்கும் ரீரூட் கட்டளையில் ரீட்ரை ஃபெயில்டு சேர்த்துக் கொடுத்தால் மறுபடி முயலும்.

சிவப்புக்கோடு:
சிவப்பு வந்தால் கதை வேறு. ஏதோ ஒரு ஷார்டின் எந்த நகலும் இயங்கவில்லை. அவசரத்தில் காலி பிரைமரியை (டேட்டா இல்லாத புதிய பிரைமரியை) ஒதுக்கச் சொல்லும் ஆலோசனை நிறைய உலவுகிறது. அதைச் செய்தால் சிவப்பு போய்விடும், டேட்டாவும் போய்விடும். பிறகு பழைய நோடு எழுந்து வந்தாலும் அதன் நகல் மதிக்கப்படாது. முதலில் செத்த சர்வரின் டிஸ்கை எடுத்து வேறு மெஷினில் பொருத்தி நோடைக் கிளப்பப் பாருங்கள். அது முடியாமல் பின்தங்கிய நகல் ஒன்று மட்டும் இருந்தால், அதையே பிரைமரியாக்கும் ஸ்டேல் பிரைமரி ஒதுக்கீடு. இழப்பை ஏற்கிறேன் என்று கட்டளையில் எழுதச் சொல்லும், விடுபட்ட பதிவுகள் திரும்பாது. ஸ்னாப்ஷாட் (பேக்கப்) இருந்தால் அதிலிருந்து எடுப்பதே மேல். காலி பிரைமரி கடைசிக்கும் கடைசி.

இன்னொன்று: மாஸ்டராகத் தகுதியுள்ள நோடு 2 மட்டும் வைக்காதீர்கள். மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு அவற்றில் ஒன்றிடம்தான் இருக்கும், அது போனால் மற்றது நின்றுவிடும். 3 வையுங்கள்.

ரெப்ளிகா2:
சிவப்பாக இருக்கும்போது அப்ளிகேஷன் அழகாக 200 (வெற்றி) என்று பதில் வாங்கிக்கொண்டிருக்கும். அரைகுறை முடிவைத் தர இயல்பாகவே அனுமதி உண்டு. 6 ஷார்டில் 5 பதில் சொன்னால், அந்த ஆறில் ஒரு பங்கு ஆவணங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும்; பயனர் பொருள் ஸ்டாக் இல்லை என்று நினைத்துக்கொள்வார். பதிலில் ஷார்டு பகுதியின் மொத்தமும் வெற்றியும் ஒன்றா என்று கோடில் சோதியுங்கள், தோல்வி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பணம், ஸ்டாக் சம்பந்தப்பட்ட தேடலில் அந்த அனுமதியை மறுத்து எரர் வாங்குவதே நல்லது.

டிஸ்க்கணக்கு:
எழுதும் பக்கமும் ஒரு ஓட்டை உண்டு. பிரைமரி விழுந்த கணத்தில் அனுப்பிய ஆவணம் பதிவானதா இல்லையா என்று கிளையன்ட்டுக்குத் தெரியாது, டைம்அவுட் மட்டும் வரும். ஐடியை எலாஸ்டிக்சர்ச்சே போடும்படி விட்டிருந்தால், மறுபடி அனுப்பும்போது ஒரே பில் இரண்டாகிவிடும். பில் எண்ணையே ஐடியாகக் கொடுங்கள், எத்தனை முறை அனுப்பினாலும் ஒன்றுதான் நிற்கும்.