64-பிட் எக்செல்லில் பழைய ஆட்-இன் தோன்றவில்லை

கேள்வி:
வணக்கம். ஆபீஸ் 2016-இல் பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி இயங்கிய ஒரு காம் ஆட்-இன் (எக்செல்லுடன் இணைந்து இயங்கும் கூடுதல் நிரல்), புதிய கணினியில் ஆபீஸ் 2021-ஐ நிறுவிய பின் ரிப்பனில் தோன்றவே இல்லை. ஆட்-இன் பட்டியலில் டிக் செய்து ஓகே கொடுத்து, மீண்டும் திறந்து பார்த்தால் அந்த டிக் மறைந்திருக்கிறது. எங்கள் மாதக் கணக்கு முழுவதும் அதை நம்பியே இருப்பதால், வழி தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஃபைல், அக்கவுண்ட், அபௌட் எக்செல் என்று சென்று, மேல் வரியின் இறுதியில் எத்தனை பிட் (32 அல்லது 64) என்று பாருங்கள். ஆபீஸ் 2016 வரை இயல்பாக 32-பிட் நிறுவப்பட்டது. 2019 முதல் அது 64-பிட்டாக மாறிவிட்டது. 32-பிட்டுக்கென உருவாக்கிய டிஎல்எல் கோப்பை (ஆட்-இன்னின் நிரல் அடங்கிய கோப்பு) 64-பிட் எக்செல்லால் ஏற்ற முடியாது.

கேட்டவர்:
64-பிட் என்றே இருக்கிறது. அப்படியானால் எங்கள் விபிஏ மேக்ரோக்களும் (எக்செல்லுக்குள்ளேயே எழுதிய சிறு நிரல்கள்) நின்றுவிடுமா?

மறுமொழி 2:
பெரும்பாலான மேக்ரோக்கள் அப்படியே ஓடும். விண்டோஸ் ஏபிஐயை (விண்டோஸின் உள் செயல்பாடுகளை) அழைக்கும் டிக்ளேர் (Declare) வரிகளில் மட்டும் பிடிஆர்சேஃப் (PtrSafe) என்ற சொல்லைச் சேர்த்து, அவற்றில் வரும் ஹேண்டில், பாயிண்டர் (நினைவக முகவரி) ஆகியவற்றை லாங்பிடிஆர் (LongPtr) வகைக்கு மாற்றுங்கள். ஆட்-இன்னுக்கு, அதை உருவாக்கியவர்களிடம் 64-பிட் பதிப்பைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஆபீஸை நீக்கிவிட்டு 32-பிட்டாக மறுபடி நிறுவ வேண்டியதுதான்.