உதவி தேவை: எங்கள் பெயரில் வேறு வங்கிக் கணக்குடன் விலைப்பட்டியல் செல்கிறது, கடவுச்சொல்லை மாற்றியும் நிற்கவில்லை

கணக்குப்பிரிவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தனி ஆள் இல்லாததால், மின்னஞ்சல் நிர்வாகமும் என் பொறுப்பிலேயே உள்ளது.

நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், எங்கள் விலைப்பட்டியலுக்குரிய தொகையைச் செலுத்திவிட்டதாக நேற்று தொலைபேசியில் தெரிவித்தார். எங்கள் கணக்கில் பணம் வரவில்லை. விசாரித்ததில், "தணிக்கை நடைபெறுவதால் வழக்கமான கணக்கைத் தற்காலிகமாகப் பயன்படுத்த இயலாது, இணைப்பில் உள்ள புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று எங்கள் பெயரில் ஓர் அஞ்சல் அவருக்குச் சென்றிருப்பது தெரிந்தது. அது புதிய அஞ்சலாக இல்லாமல், நாங்கள் உண்மையாகவே நடத்திவந்த உரையாடலின் தொடர்ச்சியாக, பழைய அஞ்சல்கள் அனைத்தும் கீழே இருக்கும்படி அமைந்திருந்தது.

உடனே எங்கள் கணக்குப் பிரிவின் மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டோம். ஆனால் இன்று காலை இன்னொரு வாடிக்கையாளருக்கும் அதே போன்ற அஞ்சல் சென்றுள்ளது. எங்கள் மின்னஞ்சல் கணக்குகளில் ஓடிபியுடன் கூடிய இரு படிச் சரிபார்ப்பு ஏற்கெனவே செயலில் இருக்கிறது. எங்கிருந்து கசிகிறது என்பதை எப்படிக் கண்டறிவது?

தணிக்கையாளர் எழுதியது:

மின்னஞ்சலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; முதலில் பணத்தைப் பாருங்கள். பணம் அனுப்பிய வாடிக்கையாளர் தம் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, பரிமாற்றத்தைத் திரும்பப் பெறவும், பெற்ற வங்கியிடம் அந்தக் கணக்கை முடக்கச் சொல்லவும் இப்போதே கோர வேண்டும். இத்தகைய கணக்குகளுக்கு வரும் பணம் சில மணி நேரத்திலேயே வேறு கணக்குகளுக்குப் பிரிந்துவிடும் என்பதால், கடிதம் தயாரித்து, மேலதிகாரியின் ஒப்புதல் பெற்று அனுப்பலாம் என்று காத்திருக்கக் கூடாது. காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் பதிவு செய்து அந்த எண்ணையும் வங்கிக்குக் கொடுங்கள்.

இழப்பை யார் ஏற்பது என்ற கேள்வி எப்படியும் எழும். வழக்கறிஞரிடம் பேசாமல் அதுபற்றி எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். எந்த அஞ்சலையும் அழிக்கவும் வேண்டாம்.

புதியவர் எழுதியது:

கணினியில் வைரஸ் இருக்கக்கூடும். முழுமையாக ஸ்கேன் செய்து பாருங்கள். உங்கள் டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) டிமார்க் பதிவை (அந்தப் பெயரில் வரும் போலி அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் அமைப்பை) 'ரிஜெக்ட்', அதாவது நிராகரி, நிலையில் வைத்துவிட்டால், உங்கள் பெயரில் வேறு எவரும் அஞ்சல் அனுப்ப முடியாது. அத்துடன் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அஞ்சல்நிர்வாகி எழுதியது:

டிமார்க் நல்லதுதான், ஆனால் இங்கே அது உதவுமா என்பது போலி அஞ்சல் எந்த முகவரியிலிருந்து புறப்பட்டது என்பதைப் பொறுத்தது. அந்த அஞ்சலை ஃபார்வர்ட் செய்யாமல், மூல வடிவிலேயே கோப்பாகச் சேமித்து, இணைப்பாக அனுப்பச் சொல்லி வாடிக்கையாளரிடம் கேளுங்கள். ஃபார்வர்ட் செய்தால் நமக்குத் தேவையான ஹெடர் விவரங்கள் (அஞ்சல் எங்கிருந்து, எவ்வழியே வந்தது என்ற தகவல்கள்) போய்விடும். கிடைத்ததும் ஃப்ரம் (அனுப்புநர்), ரிப்ளை-டு (பதில் செல்லும் முகவரி), ரிட்டர்ன்-பாத் (சேராத அஞ்சல் திரும்பும் முகவரி), ஆத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ் (சரிபார்ப்பு முடிவு) ஆகிய நான்கு வரிகளையும், நகல் பெற்றவர்களின் முகவரிகளையும் எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிரிவு எழுதியது:

வங்கிக்கும் காவல்துறைக்கும் தகவல் சென்றுவிட்டது. மூல அஞ்சலும் கிடைத்தது. அனுப்புநர் முகவரி எங்களுடையது போலவே தெரிந்தாலும், எங்கள் டொமைன் பெயரில் 'எம்' எழுத்து வர வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. நகல் பட்டியலில் எங்கள் மேலாளர் பெயரும் விற்பனைப் பிரிவின் பெயரும் உள்ளன. அவற்றின் முகவரிகளிலும் அதே போலி டொமைன்தான். அனுப்பிய டொமைனைச் சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகள் மூன்றிலும் 'பாஸ்' (தேர்ச்சி) என்றே இருக்கிறது. போலி அஞ்சல் எப்படித் தேர்ச்சி பெறும் என்பது புரியவில்லை.

அஞ்சல்நிர்வாகி எழுதியது:

அந்த 'பாஸ்' பொய் அல்ல. அது போலி டொமைனுக்குக் கிடைத்த தேர்ச்சி. மோசடிக்காரர் அந்த டொமைனை முறைப்படி விலைக்கு வாங்கி, அதற்குரிய பதிவுகளையும் சரியாக அமைத்திருக்கிறார். மின்னஞ்சலை அனுப்பப் பயன்படும், 1982-இல் வெளியான எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநர் யார் என்பதைச் சரிபார்க்கும் வழியே இருக்கவில்லை; எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் பின்னாளில் அதன் மேல் போடப்பட்ட ஒட்டுகள். "இந்த அஞ்சல் இந்த டொமைனின் அனுமதியோடு வந்ததா?" என்ற கேள்விக்கு மட்டுமே அவை விடையளிக்கும். அந்த டொமைன் நாணயமானவருடையதா என்று அவை கேட்பதில்லை. ஆகவே உங்கள் டொமைனில் எவ்வளவு கடுமையான டிமார்க் இருந்திருந்தாலும் இந்த அஞ்சல் போய்ச் சேர்ந்திருக்கும்.

நகல் பட்டியலில் போலி முகவரிகளை வைத்ததும் திட்டமிட்ட செயல்தான். வாடிக்கையாளர் 'அனைவருக்கும் பதில்' கொடுத்தாலும் உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் அது வராது. மேலாளருக்கும் தெரிந்தே நடக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் வாடிக்கையாளருக்கு வந்துவிடும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். போலி டொமைனை எவரும் வாங்கலாம். ஆனால் உங்கள் உரையாடலின் நடுவில் நுழைய வேண்டுமானால் அதை யாரோ படித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் படிப்பது உங்கள் பெட்டியையா, வாடிக்கையாளரின் பெட்டியையா? இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இப்படி நேர்ந்திருப்பதால் சந்தேகம் உங்கள் பக்கமே சாய்கிறது. போலி அஞ்சலின் கீழே மேற்கோளாக உள்ள பகுதியில், வாடிக்கையாளருக்கு நீங்கள் அனுப்பாத, உங்கள் அலுவலகத்துக்குள் மட்டுமே பரிமாறப்பட்ட ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை.

அடுத்து, பெட்டியின் அமைப்புகளில் உள்ள ரூல்களை (வரும் அஞ்சலைத் தானாகக் கையாளும் விதிகளை) பாருங்கள். வெளி முகவரிக்கு ஃபார்வர்ட் செய்யும் ரூலை மட்டும் தேடினால் போதாது.

கணக்குப்பிரிவு எழுதியது:

இருக்கிறது. இரண்டாவது வாடிக்கையாளருக்குச் சென்ற போலி விலைப்பட்டியல், நாங்கள் இன்னும் அனுப்பாமல் மேலாளரின் ஒப்புதலுக்காக வைத்திருந்த வரைவின் நகல். அதில் வங்கிக் கணக்கு எண் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது.

ரூல் பட்டியலில், பெயராக ஒரே ஒரு புள்ளி மட்டும் உள்ள ரூல் ஒன்று இருக்கிறது. பொருளிலோ உடலிலோ 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்', 'பேங்க்' என்ற சொற்கள் இருந்தால், அந்த அஞ்சலைப் படித்ததாகக் குறித்து, ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் என்ற கோப்புறைக்கு நகர்த்தச் சொல்கிறது. அந்தக் கோப்புறையை இதுவரை நாங்கள் எவரும் திறந்ததே இல்லை. உள்ளே, "இந்தப் புதிய கணக்கு சரிதானா?" என்று வாடிக்கையாளர் எங்கள் உண்மையான முகவரிக்கே அனுப்பிய கேள்வியும் கிடக்கிறது. நாங்கள் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துகிறோம். உள்நுழைவுப் பதிவேட்டில், எங்களுக்குத் தொடர்பே இல்லாத சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஐபி முகவரியிலிருந்து பல வாரங்களாக உள்நுழைவுகள் தெரிகின்றன. இரு படிச் சரிபார்ப்பு நிறைவேறியதாகவே பதிவாகியுள்ளது. ஓடிபியை அவர் எப்படிப் பெற்றார்?

வலைக்காவல் எழுதியது:

பெரும்பாலும் ஓடிபியை உங்கள் ஊழியரே உள்ளிட்டிருப்பார். அதில் அவரைக் குறை சொல்ல அதிகம் இல்லை. "உங்களுடன் ஓர் ஆவணம் பகிரப்பட்டுள்ளது" என்பது போன்ற அஞ்சலில் உள்ள இணைப்பு, மோசடிக்காரரின் சர்வருக்குப் போகும். அந்தச் சர்வர் உண்மையான உள்நுழைவுப் பக்கத்தையே அந்தக் கணத்தில் வாங்கி ஊழியருக்குக் காட்டும். அவர் தட்டும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அப்படியே உண்மையான சேவைக்குக் கடத்தும். சேவை மனநிறைவோடு ஒரு செஷன் குக்கீயை (ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்று அடையாளம் காட்டும் சிறு தரவை) தரும். இடையில் இருப்பவர் அதை எடுத்து வைத்துக்கொள்வார். கைகுலுக்கியதெல்லாம் உண்மை, மோதிரம் மட்டும் போய்விட்டது என்பது போன்ற நிலை இது. குக்கீ கையில் இருக்கும்வரை அவருக்குக் கடவுச்சொல்லோ ஓடிபியோ மீண்டும் தேவைப்படாது. முகவரிப் பட்டையை உற்றுப் பார்ப்பது ஒன்றுதான் மனிதருக்கு உள்ள தடயம். அவசர வேலைக்கு நடுவே அதை எல்லோரும் எப்போதும் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல.

கடவுச்சொல்லை மாற்றியும் நிற்காததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்; மூன்றையும் ஒரே அமர்வில் அடைத்துவிடுங்கள். திறந்திருக்கும் செஷன்கள் அனைத்தையும் நிர்வாகி கணக்கிலிருந்து ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே வழங்கப்பட்ட அணுகல் டோக்கன் (நுழைவுச் சீட்டு போன்றது) அதன் பிறகும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உயிரோடு இருக்கக்கூடும். அடுத்து, அந்த ஊழியரின் கணக்கில் பதிவான சரிபார்ப்பு முறைகளைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத தொலைபேசி எண்ணோ செயலியோ சேர்க்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் எத்தனை முறை மாறினாலும் மோசடிக்காரரால் திரும்ப வர முடியும். கடைசியாக, பெட்டியைப் படிக்க ஒப்புதல் பெற்ற வெளிச் செயலிகள். இவை கடவுச்சொல்லைச் சார்ந்தே இயங்குவதில்லை என்பதால் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். வரைவு நகல் மேலாளரின் பெட்டியிலிருந்தும் போயிருக்கலாம். எனவே இந்தச் சோதனைகளை அவர் பெட்டியிலும், முடிந்தால் அனைவரின் பெட்டிகளிலும் செய்யுங்கள். சாதாரணத் திரையில் தெரியாத மறைவான ரூல்களும் உண்டு. பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவி வழியாக அவற்றையும் சேர்த்துப் பட்டியலிடலாம். அந்தப் புள்ளிப் பெயர் ரூலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்த பிறகே நீக்குங்கள். பெட்டிகளில் யார் என்ன செய்தார் என்பதைப் பதியும் தணிக்கைப் பதிவேடு வழக்கமான உரிமத்தில் 180 நாட்களுக்கு மட்டுமே இருக்கும் என்பதால் அதை இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரத் தீர்வாக, பணம் தொடர்பான பெட்டிகளுக்கு மட்டுமாவது பாஸ்கீ (சாதனத்தில் சேமிக்கப்படும், கடவுச்சொல் தேவைப்படாத உள்நுழைவுச் சாவி) அல்லது பாதுகாப்புச் சாவி (யுஎஸ்பி போன்ற சிறு கருவி) கொடுங்கள். அது டொமைன் பெயரோடு பிணைக்கப்பட்டது. போலிப் பக்கம் எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும் சாவி அதற்கு விடையளிக்காது. ஓடிபிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பாஸ்கீ கொடுத்த பிறகு ஓடிபி வழியை அடைக்க மறந்தால், மோசடிக்காரர் அந்த வழியாகவே வருவார்.

புதியவர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் டிமார்க் தேவையே இல்லையா?

அஞ்சல்நிர்வாகி எழுதியது:

தேவை, ஆனால் அது வேறொரு கதவுக்கான பூட்டு. உங்கள் டொமைனை அப்படியே பயன்படுத்தி அனுப்பப்படும் போலிகளை அது தடுக்கும். பெருமளவில் அஞ்சல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அதைக் கட்டாயமாக்கியுள்ளன. எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' வைக்கச் சொன்னதைத்தான் நான் ஏற்கவில்லை. சம்பளச் சீட்டு, செய்திமடல் போன்றவற்றை உங்கள் பெயரில் அனுப்பும் வெளிச் சேவைகள் சரியாக அமைக்கப்படாமல் இருந்தால் அவையும் திரும்பிவிடும். சில வாரங்கள் வெறும் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் படித்து, விடுபட்ட சேவைகளைச் சேர்த்த பிறகு இறுக்குங்கள். எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல்) டிஎன்எஸ் தேடல்கள் (டொமைன் விவரங்களைக் கேட்டறியும் கேள்விகள்) 10-ஐத் தாண்டினால் பதிவு முழுவதுமே செல்லாமல் போகும் என்பதையும் கவனியுங்கள்.

கணக்குப்பிரிவு எழுதியது:

செஷன்களை ரத்து செய்துவிட்டோம். ஊழியரின் கணக்கில் அறிமுகமற்ற சரிபார்ப்புச் செயலி ஒன்று பதிவாகியிருந்தது, அதை நீக்கினோம். மேலாளரின் பெட்டியில் எதுவும் இல்லை. போலி டொமைனைப் பதிவு செய்த நிறுவனத்தின் புகார் முகவரிக்கும் எழுதியிருக்கிறோம். வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை அனுப்பலாம் என்றால், அதையும் மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. நம்புவார்களா என்று தயக்கமாக உள்ளது.

தணிக்கையாளர் எழுதியது:

பணம் நிலுவையில் உள்ளவர்களுக்கு மின்னஞ்சல் வேண்டாம். தொலைபேசியில் ஒவ்வொருவராக அழையுங்கள். அஞ்சலின் அடியில் உள்ள எண்ணை நம்பாமல், பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணை எடுத்துப் பேசுங்கள். வங்கிக் கணக்கு மாற்றம் எதையும் மின்னஞ்சல் வழியாக மட்டும் தெரிவிக்க மாட்டோம் என்ற வரியை இனி ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் பணம் கொடுக்கும் இடங்களுக்கும் அதே விதியைப் பின்பற்றுங்கள்.

சிறு நிறுவனம் என்பதால் நேர்ந்தது என்று மனம் தளர வேண்டாம். 2013 முதல் 2015 வரை லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசௌஸ்காஸ், ஒரு தைவான் வன்பொருள் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, போலி விலைப்பட்டியல்கள் மூலம் கூகுளையும் ஃபேஸ்புக்கையும் சேர்த்து 12 கோடி டாலருக்கு மேல் செலுத்த வைத்தார். 2019-இல் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் 2023-இல் பதிவான புகார்களில் இந்த வகை மோசடிக்கான இழப்பு மட்டும் ஏறத்தாழ 290 கோடி டாலர்.

கணக்குப்பிரிவு எழுதியது:

பணம் நிலுவையில் உள்ள அனைவரிடமும் பேசி முடித்துவிட்டோம். மூன்றாவதாக ஒருவருக்கும் போலி அஞ்சல் சென்றிருந்தது. நாங்கள் அழைத்தபோது அவர் பணம் செலுத்துவதற்கான ஒப்புதலுக்குக் காத்திருந்தார், நிறுத்திவிட்டார். முதல் வாடிக்கையாளர் அனுப்பிய தொகையில் ஒரு பகுதி பெற்ற வங்கியில் முடக்கப்பட்டுள்ளதாகத் தகவல் வந்துள்ளது. மீதி பற்றி இன்னும் பதில் இல்லை. பாதுகாப்புச் சாவிகள் வந்து சேர்ந்ததும் ஓடிபி வழியை அடைப்பதில் சிக்கல் ஏற்பட்டால் மீண்டும் இங்கே கேட்கிறேன்.