சங்ககால மாதிரி சூதுபவள மாலை – ஆன்லைன்ல வாங்கலாமா, பத்தர்கிட்ட செய்யச் சொல்லலாமா?

பாயான்லெப்பாஸ்_அக்கா:
வணக்கம். டிசம்பர்ல தங்கச்சிக்கு ரிசப்ஷன். வழக்கமான டெம்பிள் ஜுவல்லரி வேணாமாம், கீழடி கொடுமணல் அகழாய்வு போட்டோ எல்லாம் பாத்துட்டு அந்த சூதுபவளம்ங்கிற செவப்புக் கல்லு மணி, இடையில குட்டி குட்டி தங்க உருண்டை வச்ச மாலைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இன்ஸ்டாகிராம்ல ஒருத்தங்க எல்லாமே கைவேலைன்னு 480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சொல்றாங்க, 925 சில்வர்ல கோல்டு பிளேட்டிங். கல்லு ஒரிஜினலான்னு கேட்டா "ஹண்ட்ரட் பர்சென்ட் நேச்சுரல் சிஸ்" அவ்ளோதான் பதில். லிட்டில் இந்தியா பத்தர்கிட்டயே குடுத்துடலாமா, யாராச்சும் செஞ்சிருக்கீங்களா?

பத்தர்வீட்டு_பேரன்:
மணி கோக்குறது பத்தருக்கு ஒரு விஷயமே இல்ல சிஸ், அந்த உருண்டைதான் வேலை. தங்கத்தத் துணுக்கு துணுக்கா வெட்டி கரித்தூள்ல போட்டு சூடு ஏத்துனா தானா உருண்டையாயிடும், அத ஒட்டுறதுலதான் இருக்கு கூத்து. சாதாரணமா பொடி (பத்த வைக்கிற உலோகத் தூள்) வச்சு ஊதுனா பொடி உருகி இடுக்குல ஓடி எல்லாம் மழுங்கிப் போயிடும். இத்தாலில எட்ருஸ்கன் ஆளுங்க கிமு 7ஆம் நூற்றாண்டுல செஞ்ச நகையப் பாருங்க, மணல் மாதிரி உருண்டை, பொடி ஓடின தடமே இருக்காது. அதுக்கு ஒரு வழி, செம்பு உப்பப் பசையோட கொழைச்சு ஒட்டி சூடு பண்ணா பசை கரியாகி செம்பு பிரிஞ்சு தங்கத்தோட சேரும், சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேணும் ஆனா செம்பு சேந்த அந்தத் தொடுற எடம் மட்டும் அதுக்கு முன்னாடியே உருகிப் பிடிச்சுக்கும். 1930கள்ல லிட்டில்டேல்னு ஒரு இங்கிலாந்துக்காரர் இத மறுபடி செஞ்சு காட்டி பேட்டன்டே எடுத்தாரு. 480 வெள்ளிக்கு இந்த வேலை வரவே வராது, அச்சுல ஊத்துன காஸ்டிங்காத்தான் இருக்கும். லென்ஸ் வச்சுப் பாருங்க, தனியா ஒட்டுன உருண்டைன்னா அடியில இடுக்கு தெரியும், காஸ்டிங்னா மொழுமொழுன்னு தகட்டோட கலந்திருக்கும். காஸ்டிங் தப்புன்னு சொல்லல லா, ஆனா கைவேலைன்னு சொல்லி வாங்கக் கூடாது.

மணிப்பைத்தியம்_சுங்கைப்பட்டாணி:
உருண்டைய விடுங்க, கல்லப் பாருங்க முதல்ல. சூதுபவளம் பாதி அழகு நெருப்புல வர்றது, பழுப்பாத் தோண்டி எடுத்த கல்ல மெதுவா சூடு பண்ணா உள்ள இருக்குற இரும்பு மாறி செவப்பு ஏறும், குஜராத்ல காம்பாத் பக்கம் இன்னிக்கும் மணி செய்றாங்க. அந்த வெள்ளைக் கோடு போட்ட மணி இருக்கே, அது பெயின்ட் கிடையாது, காரத்த (சோடா உப்பு மாதிரி) கொழைச்சு வரைஞ்சு சுட்டு எடுக்குறது, ஹரப்பா காலத்துலயே இருந்த டெக்னிக். இப்ப விக்கிறதுல நெறைய சாயம் ஏத்துன அகேட்ங்கிற வரிக்கல்லு. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, வரி வரியாத் தெரிஞ்சாலோ வெடிப்புல மட்டும் செவப்பு அடர்த்தியா இருந்தாலோ சந்தேகப்படுங்க. உள்ள குமிழி இருந்தா கண்ணாடி.

இன்னொண்ணு, "லெம்பா பூஜாங்ல எடுத்த ஒரிஜினல் மணி"ன்னு, அதான் கெடாவுல இருக்குற அந்தப் பழங்கால அகழாய்வு எடத்துல எடுத்ததுன்னு, யாராச்சும் குடுத்தா தொடாதீங்க. ஒண்ணு டூப்ளிகேட், இல்லாட்டி மலேசியாவோட 2005 தேசிய பாரம்பரியச் சட்டத்துல மாட்டுவீங்க. பாக்கணும்னா அங்க மெர்போக்ல இருக்குற மியூசியத்துக்குப் போங்க, தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க, டிசைன் மனசு மாறினாலும் மாறும் ஹாஹா.

பாயான்லெப்பாஸ்_அக்கா:
ஐயோ இவ்ளோ இருக்கா. அப்ப மணி தனியா வாங்கி பத்தர்கிட்ட குடுத்தா? 916லயே (22 காரட் தங்கம்) போகணுமா, விலை இப்ப இருக்குற நெலமைக்கு?

பத்தர்வீட்டு_பேரன்:
மாலை முழுக்க தங்கம் எதுக்கு. மணிக்கு நடுவுல சின்ன வளையம், பின்னாடி கொக்கி, இது மட்டும் 916ல போடுங்க, எடை கம்மிதான், நாளைக்கு அழிச்சாலும் காசு. மெல்லிசா பூசுன பிளேட்டிங் நம்ம ஊரு வேர்வைக்கு கழுத்து படுற எடத்துல சீக்கிரமே வெளுத்துடும். அப்புறம் தாய்லாந்து கிராபி பக்கம் குளோங் தோம்னு ஒரு ஊரு, அங்க மியூசியத்துல தமிழ்ப் பிராமிங்கிற பழைய எழுத்துல 'பெரும்பதன் கல்'னு, அதாவது பெரிய பத்தரோட கல்லுன்னு, எழுதுன உரைகல் இருக்கு, நம்ம பத்தர் ஒருத்தரு சுமார் 1700 வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் பக்கம் வந்திருக்காரு போல!

மணிப்பைத்தியம்_சுங்கைப்பட்டாணி:
உருண்டை வேணும்னு அடம் புடிச்சா நடுப் பதக்கத்துல மட்டும் வைங்க. மணி ஓட்டை ஓரம் கூர்மையா இருந்தா நூல அறுத்துடும், ஒவ்வொண்ணா தடவிப் பாத்து வாங்குங்க, பட்டு நூல்ல மணிக்கு மணி முடிச்சு போடச் சொல்லுங்க. தீபாவளி நேரத்துல எந்தப் பத்தரும் கையில கெடைக்க மாட்டாரு, டிசம்பர்னா இப்பவே போய் டெபாசிட் கட்டிடுங்க.