தறிக்குடோன் லேப்டாப்புக்கு எந்த டிஸ்க்? நான் பார்த்த சில கேஸ்கள்

பல்லடம் பக்கம் மச்சான் தறிக்குடோன் வைத்திருக்கிறார். அங்கே கணக்கு எழுதுகிற லேப்டாப்பில் டேலி திறப்பதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "மாப்ள, ராம் சேத்திப் போட்டா சரியாப் போயிருமா?" என்று கேட்டார். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, உள்ளே டக் டக்கென்று சத்தம் வேறு. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் மஞ்சள் கலரில் எச்சரிக்கை. சி5 என்று ஒரு வரி இருக்கும், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கில் டேட்டா பதியும் சின்னச் சின்னத் துண்டுகளின்) எண்ணிக்கை அது. பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய இடம், இங்கே ஏறிக் கிடந்தது. இதற்கு ராம் என்ன செய்யும்?

லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். படிக்கிற ஹெட் அந்தத் தட்டின் மேல் நானோமீட்டர் கணக்கில்தான் மிதக்கிறது. தறி ஓடும்போது தரையில் கை வைத்துப் பாருங்கள், அந்த அதிர்வு மேஜைக்கும் ஏறும். போதாக்குறைக்குப் பஞ்சு. மச்சான் லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினால் ஃபேன் வாயில் மெத்தை மாதிரி அப்பியிருந்தது, சூடு வெளியே போக வழியே இல்லை. ஹார்டு டிஸ்க்குக்கு 60 டிகிரிதான் வழக்கமான எல்லை. அதனால் தறி, பனியன் கம்பெனி, மில் என்று எங்கே வைப்பதாக இருந்தாலும் சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிதான் போட வேண்டும் என்பேன், இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

ஆனால் வாங்கும் முன்னால் டேட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள். டிஸ்க் சாகக் கிடக்கும்போது விண்டோஸில் டிஸ்க் பிழைகளைத் தேடித் திருத்தும் செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள், மிச்சம் இருக்கிற உயிரையும் அது குடித்துவிடும். முதலில் டேலி ஃபோல்டர், ஜிஎஸ்டி ஃபைல்கள், வீட்டு போட்டோக்கள். மற்றது எல்லாம் அப்புறம்.

அடுத்தது எந்த வகை என்பது. பெருந்துறையில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகளுக்கு ஒரு கடையில் மாடலைக்கூடக் கேட்காமல் என்விஎம்இ என்ற அதிவேக ரக எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது, லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் பயாஸ் செட்டிங்கில் மட்டும் தெரியவே இல்லை. "மாமா, டிஸ்க் செத்துப் போச்சுங்களா?" என்று போனில் அழாத குறை. டிஸ்க் நல்லாத்தான் இருந்தது, அவள் லேப்டாப்பின் எம்.2 ஸ்லாட் சாட்டா என்ற வேகம் குறைந்த ரகத்தை மட்டும் எடுக்கும். எம்.2 என்பது வடிவம்தான், அதில் சாட்டாவும் வரும், என்விஎம்இ-யும் வரும். பெரும்பாலும் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், அதைத்தான் 2280 என்று எழுதியிருப்பார்கள். சாட்டா ரகத்துக்கு முனையில் வழக்கமாக இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இ-க்குப் பெரும்பாலும் ஒன்று. கவரைப் பிரித்த பிறகு கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார், அதுதான் வயிற்றெரிச்சல். லேப்டாப் மாடல் பெயரைப் போட்டு கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைத் தேடினால் என்ன ஸ்லாட் என்று பட்டென்று தெரிந்துவிடும், தயவுசெய்து அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பழைய லேப்டாப்பில் 2.5 இன்ச் டிஸ்க்தான் என்றால் வேலை சுலபம். அதே இடத்தில் சாட்டா எஸ்எஸ்டி உட்காரும், 7 மி.மீ. தடிமன். பழையது 9.5 மி.மீ. ஆக இருந்தால் கொஞ்சம் ஆடும், சில பெட்டிகளில் கூடவே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், அதை ஒட்டிக்கொள்ளலாம். வேகம் விநாடிக்கு 550 எம்பி வரைக்கும்தான். 3500, 7000 என்று என்விஎம்இ பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏங்க வேண்டாம், டேலிக்கும் எக்செல்லுக்கும் அந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

"எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ஞ்சு போயிருமாமே" என்று மச்சானுக்கு ஒரு பயம். தேயும், உண்மைதான். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி-க்கு ஐந்து வருஷம் அல்லது 300 டிபி (ஒரு டிபி என்பது சுமார் ஆயிரம் ஜிபி) எழுதும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி, குருஷியல் எம்எக்ஸ்500-க்கு அதே அளவில் ஐந்து வருஷம் அல்லது 180 டிபி. தினமும் 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு ஏழு டிபி சொச்சம்தான் ஆகும். லேப்டாப்பே அத்தனை வருஷம் தாங்காது.

கோயமுத்தூரில் ஒரு கடையில் நண்பர் புதிது என்று வாங்கி வந்த டிஸ்க்கை அதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தால் பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது இதுவரை ஓடிய மணி நேரம், ஆயிரக்கணக்கில் காட்டியது. வருஷம் முழுக்க அணைக்காமல் ஓடினாலே 8760 மணி நேரம்தான், அப்படியென்றால் அது எங்கேயோ உழைத்துவிட்டு வந்த சரக்கு. பில்லோடு போய் நின்றதும் மாற்றித் தந்துவிட்டார்கள். கடையிலேயே செருகி அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ரொம்ப மலிவாக 2 டிபி என்று விற்பதை, சொன்ன கொள்ளளவு உண்மையிலேயே இருக்கிறதா என்று எழுதிப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்க்காமல் நம்பவே கூடாது.

இன்னொன்று, ஹார்டு டிஸ்க்காவது பெரும்பாலும் சத்தம் போட்டுவிட்டுப் போகும். எஸ்எஸ்டி நேற்று வரை ஓடிவிட்டு இன்றைக்குப் பேச்சுமூச்சில்லாமல் போகலாம், அதிலிருந்து டேட்டாவை மீட்பதும் ரொம்பக் கஷ்டம். மச்சானிடம் ஒரு வெளி டிஸ்க் வாங்கச் சொல்லி, சனிக்கிழமை தறிக்காரர்களுக்குச் சம்பளம் போட்டு முடித்ததும் டேலி பேக்கப்பை அதில் எடுத்து, குடோனில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். இது வரைக்கும் விடாமல் செய்கிறார்.