புதுப்பிப்பு: மியாட்டா 1.6, எஞ்சினுக்குப் பின்னால் கூலன்ட் கசிவு

முதல் பதிவின் சுருக்கம்: 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டா என்பதும் இந்தக் கார்தான்), 1.6 லிட்டர் எஞ்சின். கியர்பாக்ஸ் ஹவுசிங் மேல் கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பச்சைத் துளிகள், ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும், காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) போய்விட்டதோ என்ற சந்தேகம்.

கோர் நன்றாகவே இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டின் பின்புறத்திலிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) போகும் ஹீட்டர் ஹோஸ்தான் கசிந்தது. கிளாம்ப் அழுத்தும் இடத்தில் ரப்பர் கல்லாக இறுகி, முடி கனத்தில் வெடித்திருந்தது. எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறினால் மட்டுமே வெடிப்பு திறக்கும். அதனால்தான் குளிர்ந்த எஞ்சினில் எதுவும் தெரியவில்லை.

கைக்கு இடம் வேண்டுமென்றால் ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரை (கேம்ஷாஃப்ட்டின் நிலையை எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) கழற்ற வேண்டும். ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட். கழற்றும் முன் ஹெட்டிலும் சென்சாரிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள், இல்லையென்றால் டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) மாறிவிடும். மாட்டியபின் டைமிங் லைட்டில் 10 டிகிரி சரிபார்ப்பது நல்லது. சென்சாரின் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளைய சீல்) இப்போதே மாற்றுங்கள். எண்ணெய்க் கசிவுக்குப் பேர்போன இடம் அது.

பழைய ஹோஸைத் திருகி இழுக்கவே இழுக்காதீர்கள். கோரின் குழாய் மெல்லியது, வளைந்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். புது கிளாம்பின் காதுகள் பிளையர் எட்டும் பக்கம் இருக்கட்டும்.

நிரப்ப மொத்தம் 6 லிட்டர், கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, காற்றுக் குமிழி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள்.